பார்வைத் தூரம்

மீனம்பாக்கத்தில் எனக்கு வேலை
எவ்வளவு தூரம் தெரிகிறதென்று எழுதிவைப்பது.
அரை மணிக்கொரு தரம், மீட்டர் கணக்கில்.
மழைக்கு ஒரு எண், பனிக்கு ஒரு எண்.
போகிக்கு மட்டும் எண்ணோடு ஓர் இருமல்.

போன வருடம் காலை ஐந்தரைக்கு
ஐம்பது என்று எழுதினேன்.
கோலாலம்பூரிலிருந்து வந்த விமானம்
தலைக்கு மேல் நான்கு சுற்றுச் சுற்றிவிட்டு
பெங்களூருக்குப் போய்விட்டது.
அதில் வந்த யாரோ ஒருவருக்காக
ஏதோ ஒரு வீட்டில் கதவு திறந்திருந்திருக்கும்.

வேலை முடிந்து பம்மலில் இறங்கினால்
என் தெருமுனையிலேயே எரிந்துகொண்டிருந்தது
அந்த ஐம்பதில் என் பங்கு:
காசிம் பாய் பஞ்சர் கடையின் ஏழு டயர்கள்.
சுற்றி நின்று மேளம் கொட்டிய கூட்டத்தில்
மூக்கு நுனி கறுத்து, சிரித்தபடி
என் மகன் நித்திலன்.

யாரைத் திட்டுவது?
டயரில் தண்ணீர் தேங்கினால் கொசு,
கொசு வந்தால் மாநகராட்சி அபராதம்,
போகி வந்தால் பாய்க்கு நிம்மதி.
"புள்ளைங்க ஆசையா கேக்குதுங்க மேடம்" என்பார்.
அதுவும் பொய்யில்லை.

இந்த மார்கழியின் கடைசி ஞாயிறு
கோலமாவு டப்பாவோடு தெருவில் இறங்கினேன்.
கிறிஸ்துமஸ் நட்சத்திரம் இன்னும் இறக்காத
டெல்பின் அக்கா வீட்டு கேட்டடியில் ஒரு கோடு.
அங்கிருந்து அடி அளந்து நடந்தேன்.
தண்ணீர் லாரி நிற்குமிடம்,
மாவு மில்,
ஏகாம்பரத்தின் இஸ்திரி வண்டி,
டிரான்ஸ்பார்மருக்கு ஒரு கை முன்னால்
இன்னொரு கோடு.
"இவ்வளவுதான்டா தெரிஞ்சுது, அன்னிக்கு."

பிள்ளைகள் நடந்து பார்த்தார்கள்.
ஓடிப் பார்த்தார்கள். ஒன்பது நொடி என்றான் ஒருவன்.
"பிளேன் என்ன ஸ்பீடு ஆன்ட்டி, இறங்கும்போது?"
சொன்னேன்.
விரல் மடக்கிக் கணக்குப் போட்ட யாழிசை
"ஒரு நொடிகூட இல்ல" என்றாள், மெதுவாக.
"அப்போ செம புகைல்ல!" என்று
பெருமைப்பட்டான் அவள் தம்பி.
நான் டப்பாவை மூடினேன்.
எரிக்காதே என்று சொல்லத்தான் வந்தேன்,
சொல்லவில்லை.
மேளம் கேட்காத போகி எனக்கும் பிடிக்காது.

போகிக்கு முந்தின இரவு எனக்குப் பணி.
நாலு மணிக்குப் புகை எழுந்தது.
பல்லாவரம் பக்கம் ஒன்று,
திரிசூலம் அடிவாரத்தில் ஒன்று,
பிறகு எண்ண முடியவில்லை.
ஊர் பெரிசு. என் கோடு சிறிசு.
ஐந்தரைக்கு எழுதினேன்: முந்நூறு.
காற்றும் கொஞ்சம் உதவியது,
அதையும் எழுத வேண்டும், எழுதினேன்.

விடிந்து வீடு திரும்பினேன்.
பஞ்சர் கடை வாசலில் எட்டு டயர்கள்
கயிற்றில் கட்டி, குப்பை லாரிக்குக் காத்திருந்தன.
மேலே ஏறிக் காவல் உட்கார்ந்திருந்தான்
செம புகைக்காரன்.
கிழிந்த துணி ஒரு மூட்டை,
கால் போன பிளாஸ்டிக் நாற்காலிகள் மூன்று,
யார் வீட்டிலிருந்தோ ஒரு கம்ப்யூட்டர் பெட்டி.

மங்களம் மாமி மட்டும்
ஒற்றைப் பாயை எரித்து
சாம்பலைச் செம்பருத்திக்குப் போட்டுக்கொண்டிருந்தாள்.
"கோரைதானேடி" என்றாள், நான் கேட்கும் முன்பே.
"சாஸ்திரத்துக்கு ஒண்ணு வேண்டாமா?"
இருக்கட்டும் மாமி என்றேன்.

தெரு நனைத்துக் கோலமிட்டதில்
முதல் கோடு போயே போயிருந்தது.
இரண்டாவது கோட்டருகே பிள்ளைகள் வட்டமாய்,
சத்தமே இல்லாமல்.
பனியில் மேளத்தோல் தளர்ந்துவிட்டதாம்.
காய்ச்சி இறுக்க நெருப்பில்லை.
"வருஷா வருஷம் டயர்லதான் காட்டுவோம்" என்றான் நித்திலன்,
குற்றம் என்னுடையது என்பதுபோல.

ஏகாம்பரம் அப்போதுதான் கரி போட்டு
பெட்டியை ஊதிக்கொண்டிருந்தார்.
"கொண்டாடா இங்க" என்றார்.
தோலுக்கு ஒரு விரற்கடை மேலே
பட்டுப்புடவைக்குப் பிடிக்கிற பதத்தில் பிடித்து
இஸ்திரிப் பெட்டியை
மெல்ல, வட்டமாக ஓட்டினார்.
பிறகு ஒரு விரலால் தட்டிப் பார்த்தார்.

டிரான்ஸ்பார்மரிலிருந்து காகங்கள் எழுந்தன.