பிடி கொடுக்காதவன்

பிரிந்தபோது சாமான்களைப் பங்கிட்டோம்.
கம்பளம் அவனுக்கு, குளிர்பெட்டி எனக்கு.
கண்ணாடிக் குவளை ஆறில் மூன்று அவனுக்கு,
ஒன்று அந்தப் பேச்சிலேயே உடைந்தது,
ஆக எனக்கு இரண்டு.
குட்டாயிசியில், பாலத்தடியில் இருக்கும்
தையல் எந்திரம் பழுதுபார்க்கும் கடையும் எனக்கு.

நுக்ஸார் பத்தூமிக்குப் பஸ் ஏறிய மறுநாள்
முனைப்பெட்டியைத் திறந்தேன்.
பதினெட்டுக் குழிகளில் பதினெட்டு முனைகள்.
தட்டை, நட்சத்திரம், அறுகோணம்,
ஊசிபோல் ஒன்று,
எதற்கென்று எங்கள் இருவருக்குமே தெரியாத ஒன்று.
நீளக் குழி மட்டும் காலி.
கைப்பிடி அவன் கோட்டுப் பையில் போயிருந்தது.

பதினோரு வருஷம் எதைக் கேட்டாலும்
பிடி கொடுக்காமல் பேசியவன்
போகும்போது பிடியையும் கொண்டுபோய்விட்டான்.

நவம்பர். கல்யாண சீசன்.
லாமாராவின் எந்திரம் கீழ்த்தகட்டை விடவில்லை,
ஒன்பது பாவாடைகள் அவள் மேசையில் கிடந்தன.
இடுக்கியால் முனையைக் கவ்வித் திருகினேன்.
வழுக்கியது.
திருகின் தலை தேய்ந்தது,
என் கட்டைவிரலில் ரத்தம்.

போன் செய்தேன்.
"அப்படியா, என்னிடமா இருக்கிறது?" என்றான்.
"தேடிப் பார்க்கிறேன்" என்றான்.
பார்த்தீர்களா, மறுபடியும்.

வியாழக்கிழமை மினிபஸ் ஓட்டுநர் ஸாவுர்
ஆரஞ்சுப் பெட்டிக்கும்
யாருடையதோ கோழிக்கூண்டுக்கும் நடுவிலிருந்து
செய்தித்தாளில் சுருட்டிய அதை எடுத்துத் தந்தார்.
மஞ்சள் பிளாஸ்டிக். விரல்களுக்கு நான்கு பள்ளம்.
அவன் கைக்கும் பொருந்தாது, என் கைக்கும் பொருந்தாது,
தொழிற்சாலையில் யாரோ நினைத்துக்கொண்ட
ஏதோ ஒரு கைக்கு.
முனையைச் செருகினேன்.
டிக்.

வைத்துக்கொண்டிருக்கலாம்.
வெள்ளிக்கிழமை அவனே அழைத்தான்:
வாடகை வீட்டில் கதவுக் கொண்டி தொங்குகிறதாம்.
"பிடி மட்டும் போதுமா?" என்றேன்.
"ஒரு தட்டை முனையும் சேர்த்து அனுப்பேன்."

அனுப்பினேன்.
அந்தக் குளிர்காலம் முழுக்க
ஒரு மஞ்சள் கைப்பிடி
நதிக்கும் கடலுக்கும் நடுவே போய்வந்தது.
ஸாவுர் ஸ்டியரிங் பக்கத்தில்
அதற்கென்று ஓர் இடம் ஒதுக்கினார்.
நட்சத்திரம், இரண்டாம் எண். சரி.
வியாழனா? சரி.
சேர்ந்திருந்த நாளில்கூட
இவ்வளவு தெளிவாக நாங்கள் பேசியதில்லை.

பிடியின் பின்மூடியைத் திருகினால் உள்ளே வெற்றிடம்,
சின்ன முனைகளை வைக்க.
ஒருமுறை அதில்
சூரியகாந்தி விதைத் தோல்கள் இருந்தன.
பஸ்ஸில் யாராவது போட்டதா, அவனா?
கொட்டவில்லை. அப்படியே மூடி அனுப்பினேன்.
திரும்பி வந்தபோது காலியாக இருந்தது.
அதிலிருந்து எதையும் முடிவுகட்ட
எனக்கு விருப்பமில்லை.

கடைசியாக அவன் கேட்டது
எதற்கென்று தெரியாத அந்த ஒன்றை.
"எதற்கு?" என்றேன்.
"இங்கே ஒரு வேலை இருக்கிறது."

பிப்ரவரியில் பிடி வரவில்லை.
பனி, சாலை மூடியிருக்கிறது என்றார் ஸாவுர்.
அடுத்த வாரமும் பனி.
அதற்கடுத்த வாரம் வெயில் அடித்தது.
அவர் முன்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்,
சுத்தமான பிறகும்.
பிறகு சொன்னார்: வீட்டுக்கே போய்க் கேட்டேன்,
ஒரு பெண் அலமாரிக்குத் திருகு முடுக்கிக்கொண்டிருந்தாள்,
வேலை பாதியில் நின்றது.

எந்த முனையால்?
அதைத்தான் முதலில் கேட்டேன், சத்தியமாக.

சந்தையில் புதுக் கைப்பிடி வாங்கினேன். கறுப்பு.
என் முனைகளின் அடி சதுரம், அதன் வாய் அறுகோணம்.
பெட்டியோடு புதுசு வாங்கு என்றார் கடைக்காரர்.
மின்கட்டண ரசீதை நீளமாகக் கிழித்து
முனையின் அடியில் மூன்று சுற்றுச் சுற்றிச் செருகினேன்.
டிக் என்ற சத்தம் இல்லை.
கொஞ்சம் ஆடுகிறது.
அழுத்திப் பிடித்தால் திருகுகிறது.

பெட்டியில் இப்போது பதினேழு.
எங்களுக்குப் புரியாத அந்த ஒன்று
அங்கே எதற்கோ சரியாகப் பொருந்தியிருக்க வேண்டும்.

லாமாரா வாசலில் நிற்கிறாள்.
இம்முறை மேல்தகடு.
அதற்கு நட்சத்திரம் போதும்,
அது இருக்கிறது.