பதினான்கு நாள் இலவசம்

லியெபாயாவில் காற்று கதவைத் தட்டாது.
நேரே உள்ளே வந்து
மேசைமேல் இருக்கும் பில்லைப் புரட்டிப் பார்க்கும்.
அப்படியொரு திங்கட்கிழமை
ஐவிஸ் மூன்று பெயர்களை எழுதிக் கொடுத்தான்.
"மூன்றையும் ஓட்டிப் பார், குன்டேகா.
அடுத்த வாரம் வெள்ளிக்கிழமைக்குள்
எதை வாங்கலாம் என்று சொல்."

நாங்கள் பாய்லர் விற்கிறோம்.
மரத்தூள் உருண்டை தின்று வீட்டைச் சூடாக்கும் பாய்லர்.
பதினோரு பேர், இரண்டு வேன்,
இரண்டாயிரத்து முந்நூற்றுச் சொச்சம் வாடிக்கையாளர்கள்.
பாதிப் பேர் என் எக்செல்லில்.
மீதிப் பேர் இல்மார்ஸின் போனில்,
'நாய் கடிக்கும்', 'நாய் கடிக்காது',
'கடிக்காது என்பார்கள், கடிக்கும்'
என்ற பெயர்களில்.

முதலாவது அழகு.
தொட்ட இடமெல்லாம் வரைபடம் பூக்கிறது.
விலை மட்டும் எங்கேயும் இல்லை.
'எங்களோடு பேசுங்கள்' என்றது, பேசினேன்.
டப்ளினிலிருந்து ஒருவன்
வாக்கியத்துக்கு இரண்டு தரம் என் பெயரைச் சொன்னான்.
பின்னால் கீபோர்டு சத்தம்.
அவன் திரையிலும் இதே சாஃப்ட்வேர்தானே,
அதில் நான் ஒரு வரிசை.
'சூடான வாய்ப்பு' என்று போட்டிருப்பான்.
கோட்டைக்கூடக் கழற்றாமல்
நடுங்கிக்கொண்டிருந்தேன்.
எங்கள் ஆபீஸ் பாய்லர் ரிப்பேர்.

இரண்டாவது மலிவு.
நிறம் பழைய ஆஸ்பத்திரிச் சுவர்.
எக்செல்லை ஏற்றியதும்
எங்கள் எழுத்துகளின் தலைக்கோடுகளை எல்லாம் தின்றுவிட்டது.
எங்கள் மொழியில்
கல்யாணத்துக்கும் ஆடுகளுக்கும் நடுவே
அந்த ஒரு கோடுதான்.
'மகள் கல்யாணம் முடிந்ததும் கூப்பிடவும்'
என்று நான் எழுதியிருந்தது
'மகள் ஆடுகள் முடிந்ததும் கூப்பிடவும்' ஆனது.
சிரித்தேன்.
மதிப்பெண் பத்துக்கு மூன்று.

மூன்றாவதுக்கு மூளை இருந்தது.
ஒன்பதாம் நாள் காலை அதுவே கேட்டது:
'இ. க்ரௌக்லிஸ், இ. க்ரௌக்லே.
முகவரி ஒன்று, தொலைபேசி ஒன்று.
கடைசி எழுத்துகள் தட்டச்சுப் பிழையாக இருக்கலாம்.
இணைக்கவா?'
ஆணுக்கு ஒரு விகுதி, பெண்ணுக்கு ஒரு விகுதி,
குடும்பப் பெயர் ஒன்றே என்று
அதற்கு யார் சொல்லித்தருவது?
ஈருடல் ஓருயிர் என்பதை
அப்படியே நம்பிவிட்டது.
நூற்றுப்பத்து இரட்டைகளுக்கு நடுவே
நானும் பார்க்காமல் 'ஆம்' அழுத்தினேன்.

மறுநாள் இங்கூனா க்ரௌக்லே போன் செய்தாள்.
"வருடாந்திரச் சுத்தம் என்று கடிதம் வந்திருக்கு.
அந்த வீட்டை விட்டு நான் வந்து எட்டு மாதம்.
பாய்லரும் அவனுடையது, சாம்பலும் அவனுடையது."
மன்னிப்புக் கேட்டேன். பிரித்துவிடுகிறேன் என்றேன்.
தேடினேன்.
இணைப்பது இலவசம்.
இணைத்ததைப் பிரிக்க மேல்நிலைத் திட்டம்,
தலைக்கு மாதம் பத்தொன்பது யூரோ.
சொல்லியிருக்கக் கூடாது. அவளிடமே சொல்லிவிட்டேன்.
"பரவாயில்லையே," என்றாள்,
"என் வக்கீல் இதைவிட அதிகம்."

வைத்துவிடுவாள் என்று நினைத்தேன். வைக்கவில்லை.
"க்ரொபின்யாவுக்கு ஆள் போனால்
புகைபோக்கியின் கீழ்மூடியைப் பார்க்கச் சொல்லுங்கள்.
தளர்ந்துபோகும்.
வருஷா வருஷம் நான்தான் இறுக்குவேன்,
இமன்ட்ஸுக்கு அப்படியொரு மூடி இருப்பதே தெரியாது."
பிறகு வைத்தாள்.

இதை எங்கே எழுத?
கட்டங்களைத் தேடினேன்: புதியவர், பேச்சில், வென்றது, இழந்தது.
'தகவல் மூலம்' என்ற இடத்தில் விளம்பரம், பரிந்துரை, கண்காட்சி.
ஒரு மஞ்சள் சீட்டில் எழுதி
இல்மார்ஸின் வேன் சாவியில் ஒட்டினேன்.

வெள்ளிக்கிழமை இரண்டாவதைச் சொன்னேன்.
ஐவிஸ் புருவம் தூக்கினான்: "நீயே மூன்று மார்க் போட்டது."
"அதற்கு யாரையும் இணைக்கத் தெரியாது" என்றேன்.
"ஆடுகளை நான் பார்த்துக்கொள்கிறேன்."

இல்மார்ஸ் சாயங்காலம் வந்து கையைக் கழுவினார்.
மூடி தளர்ந்துதான் இருந்ததாம்.
யார் சொன்னது என்று அந்த மனிதன்
வாசல் வரை வந்து கேட்டானாம்.
"என்ன சொன்னீர்கள்?"
"சிஸ்டம் சொல்லுச்சு என்றேன்."