உப்புத்தாள்

கச்சான் ஓய்ந்த மூன்றாம் நாள்
காரை ஜாக்கியில் தூக்கினேன்.
நான்கு சக்கரமும் வாசலில் கிடக்கின்றன,
கடல் கொறித்துத் துப்பியது போல்
விளிம்பெல்லாம் வெள்ளைப் பொடி, கொப்புளம்.
தினமும் பாலம் தாண்டி மண்டபம்,
திரும்பவும் பாலம் தாண்டித் தங்கச்சிமடம்.
வேறென்ன மிஞ்சும்.

"புதுசு நாலு வாங்கிரலாமே, பிரிஸ்கா"
மதிலுக்கு அந்தப் பக்கம் மரியநேசன்.
வாங்கலாம்.
ஐஸ் கம்பெனியில் பில் எழுதும் கை
வருஷத்துக்கு ஒன்றாய் வாங்கலாம்.

கிணற்றுத் தண்ணீர் ஆகாது,
அது கடலுக்குச் சித்தப்பா மகள்.
குடம் பன்னிரண்டு ரூபாய் நல்ல தண்ணீரில்
சக்கரங்களைக் குளிப்பாட்டினேன்,
நான் குளிக்காத தண்ணீரில்.

பிறகு உப்புத்தாள்.
யார் வைத்த பெயரோ,
உப்பு தின்ற இடத்தைத் தேய்க்கும் தாளுக்கு.
எண்பதாம் நம்பர் பிறாண்டும்.
முந்நூற்றிருபது முணுமுணுக்கும்.
அறுநூறை ஈரம் தொட்டுத் தேய்த்தால்
ஒன்றும் சொல்லாது.
வெள்ளிக்கு அடியில் பொன்நிறம் வந்தது,
பொன்னுக்கு அடியில் கறுப்பு.
கறுப்பில் ஓட்டியவர் யாரென்று
ஆர்.சி. புத்தகத்திலும் இல்லை.

டயரில் பெயின்ட் படாமலிருக்க
ரிம்முக்கும் ரப்பருக்கும் இடையே
அட்டை செருக வேண்டும்.
சுற்றி முப்பத்தெட்டு.
நாலுக்கு நூற்றைம்பத்திரண்டு.
மூன்று சீட்டுக்கட்டு வாங்கு என்றான் மரியநேசன்.
வீட்டில் அதைவிடக் கெட்டியாய் இருந்தது,
பீரோ மேல், சணல்கட்டுப் பிரிக்காமல்,
நாலு வருஷமாய்.
நானூறு அடித்து
முப்பத்தொன்று கொடுத்ததும்
நின்றுபோனது.

சந்தன நிறம். ரோஜா ஓரம்.
மடிக்காத ஒற்றை அட்டை, அந்த மட்டில் நல்லது.
அவர் பெயர் ரப்பர்ப் பக்கம் உள்ளே போயிற்று.
என் பெயரும் தேதியும்
வெளியே நீட்டிக்கொண்டு நின்றன.

டப்பாவைக் குலுக்கினால் உள்ளே ஒரு குண்டு
வழி தெரியாமல் உருளும்.
ஓரடி தள்ளி, மெல்லிசாக, கை ஓடிக்கொண்டே.
ஒரே இடத்தில் நின்றால் வழிந்துவிடும்.
நிற்கவில்லை.
இரண்டாம் பூச்சில் என் பெயர் போனது.
மூன்றாம் பூச்சில் தேதி.
'காலை 9.30 மணி' மட்டும்
கொஞ்ச நேரம் தெரிந்தது.

கிளியர் கோட் காய்வதற்குள்
பாம்பன் பக்கமிருந்து ஒரு காற்று.
ஒரு மணல், ஒன்றே ஒன்று,
பின் இடது சக்கரத்தில், நட்டுக்கு அருகே
உட்கார்ந்துகொண்டது.
ஊசியால் எடுக்கலாம்,
எடுத்தால் குழி விழும்.
விட்டேன்.

பொழுதிறங்க அட்டைகளை உருவி
வாளியில் போட்டேன்.
மீதி இருநூற்றுப் பதினேழு.
பம்பர் இருக்கிறது, கதவோரம் இருக்கிறது,
அடுத்த கச்சானும் இருக்கிறது.

"ஸ்டெப்னிக்கு அடிக்கலையா?"
மரியநேசன்தான்.
அது டிக்கிக்குள்ளேயே கிடக்கிறது.
கடல் அதைப் பார்த்ததில்லை.