பத்து நிமிட மேகம்

கூரே துறைமுகத்தில் மழை.
ஷட்டரை இறக்கியபின்
சைக்கிள் டியூப் ஒட்டும் மேசைமேல்
நீலத் துணி விரிக்கிறேன்.
அதுதான் பசிபிக்.

நான்கு மரக்கப்பல்கள்,
ஒவ்வொன்றும் தீப்பெட்டி நீளம்.
கடற்படை அலுவலகத்தைக் கலைத்த அன்று
எல்லாவற்றையும் எரிக்கச் சொன்னார்கள். எரித்தேன்.
இவை மட்டும் சோற்று டப்பாவுக்குள் வீடு வந்தன.

போருக்கு முன் போரை
மேசையில் ஆடிப் பார்ப்பார்கள் அங்கே.
பகடையின் எண்ணைக் குறிப்பது என் வேலை.
ஆறு குண்டு விழுந்ததென்றது பகடை ஒருநாள்.
கமாண்டர் குவபாரா தொண்டையைச் செருமிக்கொண்டு
"ஒன்று என்று எழுது" என்றார்.
எழுதினேன்.
என் கையெழுத்து அழகென்று பெயர்.

ஜூன் மாதத்து ஒரு காலையில்
மேகம் விலகியது,
விமானங்கள் செங்குத்தாய் இறங்கின.
எழுதித் திருத்த அங்கே யாரும் இல்லை.
இரண்டாவது கப்பலின் கொதிகலன் அறையில்
ஹிஸாவோ இருந்தான்.
கல்யாணமாகி பதினோரு வாரம்.

அதனால் இப்போது நான் ஆடுகிறேன்.
மேகத்தைப் பத்து நிமிடம் நிறுத்திவைக்கிறேன்,
ஒரு பிடி பஞ்சுதான்.
மேலே பறந்தவர்கள் வெறுங்கடலைப் பார்த்துத் திரும்புகிறார்கள்.
நான்கு கப்பலும் கூரேக்கு வருகின்றன.
எண்ணெய் நாறும் சட்டையோடு ஹிஸாவோ
ஏணியில் ஏறி வெளிச்சத்துக்கு வருகிறான்.
வெந்நீர் வைக்கிறேன்.
முதுகு தேய்க்கிறேன்.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம்.
ஆனால் ஆட்டத்துக்கு விதி உண்டு,
அடுத்த மாதத்தையும் ஆடவேண்டும்.

நான்கு தளத்துக்கும் விமானம் வேண்டும்.
விமானத்துக்குப் பையன்கள் வேண்டும்.
என் தம்பி சேகிச்சிக்குக் கிட்டப்பார்வை.
"கப்பலே இல்லை, உன்னை எங்கே ஏற்றுவது" என்று
நிஜத்தில் அவனைத் திருப்பி அனுப்பினார்கள்.
இந்த மேசையில் கப்பல் இருக்கிறது.
கண் பரிசோதனைப் பலகையைச்
சுவரோரம் திருப்பிவைத்துவிட்டார்கள்.

எதிர்க்கரையிலும் கப்பல் குறையவில்லை.
சான் டியாகோவில் ஒருத்தி
தன் பஞ்சை வேறிடத்தில் வைத்திருப்பாள்.
அவளுக்கும் யாரோ ஒருவன்.
போர் முடியமாட்டேன் என்கிறது,
நாற்பத்தேழின் கோடை வரைக்கும் போகிறது.
பகடை உருட்டுகிறேன்.
சேகிச்சியின் விமானம் திரும்பவில்லை.
மறுபடி உருட்டுகிறேன்.
திரும்பவில்லை.

ஐந்து நிமிட மேகம் வைத்துப் பார்த்தேன்.
இரண்டாவதை மட்டும் காப்பாற்றிப் பார்த்தேன்.
ஒற்றைக் கப்பலுக்கும் அதே பசி.
குவபாராவைப் போலத் தொண்டையைச் செருமிப் பார்த்தேன்,
பேனா நகரவில்லை.

கடைசியில் எப்போதும் இதுதான்:
பஞ்சை எடுக்கிறேன்.
இறங்கு ஹிஸாவோ, என்கிறேன்.
கேள்வி கேட்பவன் அல்ல அவன்,
ஈரத் தலையோடு ஏணியில் இறங்குகிறான்.
நான் கப்பலைக் கவிழ்க்கிறேன்.
அந்த அறையில் அவனோடு இன்னும் எத்தனை பேர்,
யார் யாருக்குப் புருஷன்,
எண்ணுவதில்லை.

மாடியிலிருந்து சேகிச்சி வருகிறான், பசை தேடி.
மேசையை ஒன்றும் கேட்பதில்லை.
கவிழ்ந்ததை எடுத்து
மூக்கு இடிக்கும் அளவுக்குக் கண்ணருகே வைத்துப் பார்க்கிறான்.
"முனை பிளந்திருக்கே, அக்கா."
டியூபுக்கு வைத்த பசையில் ஒரு சொட்டு தடவி,
விரலால் அழுத்திப் பிடித்து,
நீலத்தின் நடுவில் நிமிர்த்தி வைக்கிறான்.

"காய ராத்திரி முழுக்க ஆகும்.
தொட்டுவிடாதே."