குறட்டால் திருகும் பெட்டி

அக்கரப்பத்தனையில் ஆனி பிறந்தால்
வெயில் கலண்டர் படத்தில் மட்டும்.
கொடியில் போட்ட வெள்ளைக் கவுன்
மூன்று நாளும் நனைந்த பூனையாய்த் தொங்கும்.
அடுப்புக்கு மேலே காயப்போட்டால்
காலரில் கரி.
"உன் சட்டையில் லயம் மணக்குது" என்று
பக்கத்து மேசைப் பிள்ளை சொன்னதை
தனுஷிகா என்னிடம் சொல்லவில்லை,
தம்பியிடம் சொன்னாள்.

ஆடியில் சீட்டு விழுந்தது.
அறுபதாயிரம்.

பாக்கியம் வீட்டுக்கு இரட்டைக் கதவு ஃப்ரிட்ஜ் வந்தபோது
எட்டுக் காம்பராவும் கூடி நின்றது.
கதவு நிலையைக் கழற்றித்தான் உள்ளே ஏற்றினார்கள்.
ஒட்டியிருந்த பிளாஸ்டிக்கை இன்னும் உரிக்கவில்லை.
உள்ளே ஒரு போத்தல் தண்ணீர், பாதி எலுமிச்சை,
அந்துப்பூச்சிக்குப் பயந்து வைத்த கூறைச்சேலை.
தை மாதம் புல்லில் பனி உறைகிற ஊர்;
ராத்திரிக் குழம்பு விடியும்வரை
அது பாட்டுக்குக் கெடாமல் கிடக்கும்.
குறையாகச் சொல்லவில்லை.
அவளுக்கு வேண்டியிருந்தது.
எதற்கென்று கேட்க நான் யார்?

தலவாக்கலையில் ரிஸ்மியின் கடை.
"முதல்ல அறுபது கட்டுங்க அக்கா,
மிச்சம் மாசம் ஆறாயிரம், இருபது மாசம்."
கதவைத் திறந்தான்.
உள்ளே விளக்கெரிந்தது, கருவறை போல.
மூடினான்.
பளபளப்பில் என் முகம்,
கூடைக் கயிறு நெற்றியில் இழுத்த கோட்டோடு.
யோகராசா முழங்கையால் இடித்தார்.
அவருக்குப் பிடித்துவிட்டது.
எனக்கும்தான், ஏன் பொய்?

நான் பேர்க் கணக்கில் எண்ணிப் பார்த்தேன்.
இருபது மாதம் அட்டைக்கடி,
இருபது மாதம் நனைந்த படங்கு,
ஒரு கிலோ குறைந்ததற்கு அரைப் பேர் போட்ட நாள்கள்.
அத்தனையும் கொடுத்துக் குளிர் வாங்கவா,
குளிரிலேயே குடியிருக்கிற நாங்கள்?

பாலத்தடியில் சுமணபாலவின் ரிப்பேர் கடை.
துவைக்காத மெஷின் அது. பிழியும், அவ்வளவுதான்.
ஏதோ ஹோட்டலில் உழைத்து ஓய்ந்தது.
ஒரு காலத்தில் வெள்ளை.
மூடியில் வெடிப்பு. திருகும் குமிழ் இல்லை.
"வீட்டில குறடு இருக்கா?"
இருக்கிறது.
"அப்ப சரி."
எண்ணெய்த் துணியொன்றை வாளியில் முக்கிப் போட்டார்.
மூன்று நிமிடம்.
எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தேன்.
பதினாலாயிரத்து ஐநூறு.

பஸ்ஸில் அதற்கும் டிக்கட் கிழித்தார்கள்.
யோகராசா மேலே சாக்கைப் போட்டு மூடி
திருட்டுச் சாமான் போலத் தூக்கி வந்தார்.
எட்டுக் காம்பராவிலிருந்தும் ஒருவர் வரவில்லை.
ஒரு நாய் வந்தது.

குறட்டால் திருகியதும் கத்தத் தொடங்கியது.
கத்திக்கொண்டே நடந்தது,
குசினிச் சுவரிலிருந்து இஸ்தோப்புவரை.
குழாய் வழியே ஒரு செம்பு மழைநீர்
அழுதுவிட்டு ஓய்ந்தது.
திங்கட்கிழமை காலை
தனுஷிகா காலரை இழுத்து முகர்ந்தாள்.
திரும்பவும் முகர்ந்தாள்.
"ஒண்ணுமே மணக்கல" என்றாள்,
பரிசு விழுந்த குரலில்.

வியாழன் ராத்திரி, நடக்காமல் இருக்கட்டுமென்று
மெஷின் மேல் ஏறி உட்கார்ந்த கிருஷாந்த்
உருண்டு விழுந்து நெற்றி வீங்கியது.
அலறல் கேட்டு மழையில் ஓடிவந்தாள் பாக்கியம்.
ஒரு கையில் டம்ளர் நிறைய ஐஸ்கட்டி.
மறு கையில், பொலித்தீனுக்குள்,
அவள் மகனின் நனைந்த காற்சட்டை இரண்டு.

பையன் நெற்றியில் ஐஸ் கரைந்துகொண்டிருந்தது.
நாங்கள் இருவரும் ஒன்றும் பேசவில்லை.
பிறகு அவள் குறட்டை எடுத்தாள்.
"எந்தப் பக்கம் திருப்புறது?"