நீடாமங்கலம் கேட்டில் ஒரு கால் ஊன்றி

கேட் போட்டாச்சு.
நெல் ஏற்றிய சரக்கு வண்டி
முன்னே போகிறது, பின்னே வருகிறது,
பையை மறந்துவிட்டுத் திரும்பிய ஆளைப் போல
மறுபடி முன்னே போகிறது.

இடது காலைத் தாரில் ஊன்றி
வலது காலைப் பெடலிலேயே வைத்திருக்கிறேன்.
எனக்கு முன்னால் ஒரு லாரி, இரண்டு பேருந்து,
வேளாங்கண்ணிக்குப் போகும் வெளியூர்க் கார்கள்,
எங்கள் சங்கத்துச் செயலாளர் ஜபருல்லா சாரின் புது புல்லட்.
ஒருவரும் இன்ஜினை அணைக்கவில்லை.
இதோ திறந்துவிடுவான் என்று
இருபது நிமிடமாக நம்புகிறார்கள்.
நம்பிக்கைக்கு இவ்வளவு புகை வரும் என்று
இந்த கேட்டில்தான் தெரிந்துகொண்டேன்.

"தையல்நாயகி, இன்னும் இந்த வண்டிதானா?"
கண்ணாடியில் என்னைப் பார்த்துக் கேட்கிறார்.
இந்த வண்டிதான் சார்.
முன்கூடையில் சாப்பாட்டு கேரியர்,
பயிர்க்கடன் பேரேடு, ஒரு கட்டு முளைக்கீரை.
செயின் கவர் மட்டும் போன ஐப்பசி மழையில் துருவேறியது.
பெல் அடிக்கும், பிரேக் பிடிக்கும்,
சில நாள் இரண்டும் ஒரே சத்தத்தில்.

கொள்கை கிள்கை ஒன்றும் இல்லை என்றுதான் சொல்லிவந்தேன்.
முழங்காலுக்கு நல்லது என்பேன் டாக்டரிடம்.
வீட்டுக்கடன் முடியட்டும் என்பேன் மகனிடம்.
கல்லூரி வாசலுக்கு நூறடி முன்பே
நின்றுகொள் என்று அவன் சொன்ன அன்று
எதுவும் சொல்லவில்லை.
நூறடி முன்பே நின்றேன்.

ஆனால் பாருங்கள்,
இந்த மண்ணில் மேடு என்று என்ன இருக்கிறது?
வெண்ணாற்றுப் பாலம், கோரையாற்றுப் பாலம்,
பாமணியாற்றுப் பாலம்,
எங்களுக்கு மூன்றே மூன்று மலை.
ஏறும்போது மூச்சு வாங்கும்.
இறங்கும்போது காற்று பொறுப்பெடுத்துக்கொள்ளும்.
மற்றதெல்லாம் வண்டலைக் கொட்டிக் கொட்டி
ஆறு தன் கையால் தடவிய சமதளம்.
சைக்கிளுக்கென்றே போட்டிருக்கும்,
நாம்தான் அவசரப்பட்டு நெல் நட்டுவிட்டோம்.

அந்த நெல்லுக்கு அடியில்
எண்ணெய் இருக்கிறதென்று வந்தார்கள் ஒருமுறை.
என் அக்கா அஞ்சுகம் வயலில் சிவப்புக் கொடி நட்டு
அளந்துவிட்டுப் போனவர்களுக்கு
வெயிலாயிற்றே என்று மோரும் கொடுத்தாள்.
பிறகு சாலையில் உட்கார்ந்து மறித்தவர்களில்
முதல் வரிசையும் அவள்தான்.
நான் சைக்கிளில் போய்ச் சேர்வதற்குள்
எல்லோரையும் போலீஸ் வேனில் ஏற்றிவிட்டார்கள்.
புளியமரத்து நிழல் போதாமல்
வெயிலிலும் வரிசையாக நின்ற
எழுபது எண்பது மோட்டார் சைக்கிள்களும் நானும்தான் மிச்சம்.
டேங்குகள் பளபளவென்று இருந்தன.
ஒன்றைத் தொட்டுப் பார்த்தேன், சுட்டது.

அன்று வெறுமனே திரும்பி வந்தேன்,
பன்னிரண்டு கிலோமீட்டர், எதிர்க்காற்று.
வாய்க்கால் மதகு ஒன்றில் தண்ணீர் குடிக்க நின்றபோது
எனக்கும் ஒரு கொள்கை இருக்கிறதோ என்று
முதல்முறையாகச் சந்தேகம் வந்தது.
யாரிடமும் சொல்லவில்லை.
வயிற்றில் கரு தங்கியதைப் போல
கொஞ்ச நாள் ரகசியமாக வைத்துக்கொண்டேன்.

முன்னால் நிற்கும் பேருந்து சட்டென்று அடங்குகிறது.
டிப்போவில் டீசல் கணக்கு கேட்கிறார்களாம்.
எதற்காகவோ, அணைத்தார்களே.
அடுத்த லாரியும், பிறகு என்ன நினைத்தாரோ
ஜபருல்லா சாரும்.
இவ்வளவு நேரம் இங்கேயே இருந்த
வெள்ளரிப் பிஞ்சு விற்பவளின் குரல்
இப்போதுதான் காதில் விழுகிறது.
சிக்னல் கம்பியில் ஒரு மீன்கொத்தி
ஏதோ திட்டிக்கொண்டிருக்கிறது.

கேட்டுக்கு அந்தப் பக்கம்
வெள்ளைக் கோட்டை மடித்துக் கூடையில் வைத்து
ஒரு கால் ஊன்றி நிற்கிறாள்
ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸ்.
பெயர் தெரியாது. தினமும் பார்க்கிறோம்.

கம்பி எழும்புகிறது.
சாவிகள் திருகி, உறுமி, ஹாரன் அடித்து
இவர்கள் கிளம்புவதற்குள்
தண்டவாளத்தின் நடுவில் நாங்கள் கடந்துவிட்டோம்.
அவள் பெல் அடித்தாள்.
என் பெல்லோ பிரேக்கோ
ஏதோ ஒன்று பதில் சொன்னது.