காய்ப்பில்லாத வருசம்

எப்போது கிழிந்தது என்று கேட்டார்கள்.
வைகாசி பதினெட்டு,
சந்தூர் மேட்டுத் தோப்பு, வடக்கு வரிசை.
வலைக்குள் நாலு பெங்களூரா விழுந்த கனத்தில்
தோளுக்குள் ஒரு சத்தம்,
ஈரத்துணியை உதறினது போல.
எழுதிக்கொண்டார்கள்.

தருமபுரி பெரியாஸ்பத்திரியில் டாக்டர்
ஸ்கேன் படத்தை ஜன்னலுக்கு நேரே பிடித்தார்.
"அன்னைக்குக் கிழியலைங்க.
அன்னைக்குத்தான் உங்களுக்குக் கேட்டிருக்கு."

ஒரு நாளைக்குக் கை எத்தனை தடவை
தலைக்கு மேலே போகும் என்றார்.
கையை யார் எண்ணுவது?
கிரேட்டைத்தான் எண்ணுவோம்.
கிரேட்டுக்கு ஐம்பது காய், நாளுக்கு முப்பது கிரேட்,
பதினாறு அடி மூங்கில், அண்ணாந்த கழுத்து,
பதினேழு சீசன்.
ஆவணி பிறந்தால் ஓசூருக்குப் பஸ் ஏறி
அடுக்குமாடி சீலிங்குக்குப் பட்டி பார்ப்பேன்.
அதையும் சொல்லணுமா சார்?
அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு
என் கையையே பார்த்தார்.

எலும்பில் ஓட்டை போட்டு ஆணி இறக்கி
ஜவ்வை இழுத்துக் கட்டினார்கள்.
நூல் கெட்டி. யானையைக் கட்டலாம் என்றார்.
கட்டின ஜவ்வுதான் பழைய சாக்கு மாதிரி,
நூல் நிற்கிறது, சாக்கு விடுகிறது.
திடீரென்று அறுந்த நல்ல ஜவ்வென்றால்
சீக்கிரம் பிடித்துக்கொள்ளுமாம்.
உழைத்து நைந்து அறுந்தது
எலும்பில் ஒட்டுவதற்கே யோசிக்குமாம்.

இது எனக்குத் தெரியாத சங்கதி இல்லை.
எங்கள் சந்தூர் நர்சரிகளில் ஒட்டுக் கட்டுமுன்
பத்து நாள் தாய்க்குச்சியின் இலையைக் கிள்ளி
சும்மா விட்டுவிடுவார்கள்.
மொட்டு தானாகப் புடைக்கும்.
பிறகுதான் கத்தி.

பத்து நாள்.

குத்தகைக்காரர் சம்பங்கி ஆஸ்பத்திரிக் காகிதத்தை
என் வாசலில் நின்றபடியே படித்தார்.
"நாள்பட்ட தேய்மானம்னு போட்டிருக்கே,
அப்போ என் தோப்புல ஆனது இல்லையே."
கெட்டவர் இல்லை. ஹார்லிக்ஸ் வாங்கி வந்திருந்தார்.
அவர் சொன்னதும் பொய் இல்லை.
பதினேழு சீசன், பதினோரு தோப்பு,
ஆளுக்குக் கொஞ்சம் தேய்த்தார்கள்.
யார் கணக்கிலும் கிழியவில்லை.

மாமரம் ஒரு வருசம் கொட்டிக் காய்த்தால்
மறுவருசம் அசரும்.
அதற்கும் மருந்து வந்துவிட்டது,
வேரைச் சுற்றிக் குழி எடுத்து ஊற்றினால்
அசராமல் காய்க்கும்.
நானே ஊற்றியிருக்கிறேன், முன்னூறு மரத்துக்கு,
இதே வலது கையால்.
சில வருசம் கழித்து
நுனியிலிருந்து காய்ந்துகொண்டு வரும்.
அப்போது வேறு ஆள் குத்தகைக்கு எடுத்திருப்பான்.

தூளி கட்டின கையோடு ஆடி போனது.
புரட்டாசியில் பிசியோ ஷமீனா சொன்னாள்:
சுவரில் விரலை எறும்பு மாதிரி ஏற்றுங்கண்ணா,
வலிக்கிற இடத்தில் நிறுத்துங்க,
அதுக்கு மேலே வீம்பு வேண்டாம்.
வீம்பு வேண்டாம் என்று
என் தோளிடம் முதலில் சொன்னது அவள்தான்.

மாதம்மாள் தினமும் பென்சிலால் கோடு போட்டாள்.
ஐப்பசி முழுக்கக் கோடுகள்
சுவிட்சுப் பலகைக்கு ஒரு சாண் கீழே
ஒன்றன்மேல் ஒன்றாகக் கறுத்துக் கிடந்தன.
மறுபடி எடுத்த படத்தில்
மெலிசாக இருக்கு, ஆனால் பிடிச்சிருக்கு என்றார் டாக்டர்.
தொரட்டி தூக்கலாமா என்று அவள் கேட்டாள்.
அவர் பதில் சொல்லாமல் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார்.

தை பிறந்து தோப்பெல்லாம் பூ.
சம்பங்கி போன் பண்ணினார்,
கை எப்படி இருக்கு என்று. சீசனைப் பற்றி
அவரும் கேட்கவில்லை, நானும் பேசவில்லை.

நேற்று விரல் சுவிட்சைத் தொட்டுவிட்டது.
பட்டப்பகலில் டியூப்லைட் எரிந்தது.
அடுப்படியிலிருந்து மாதம்மாள்
கரண்ட் பில்லை ஞாபகப்படுத்தினாள்.
அணைக்க இன்னொரு தடவை ஏற வேண்டும்.

இடது கையும் சும்மாதான் இருந்தது.
எரியட்டும் என்று
உட்கார்ந்துகொண்டேன்.